சிட்ரேட்டா, கார்பனேட்டா? கால்சியம் மாத்திரைக்கு நேரம் பிரிக்க உதவி தேவை

வணக்கம். மருந்தாளுநர்கள், உணவியல் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

62 வயதுப் பெண்மணி, எலும்பு அடர்த்தி குறைவு. காலை 6 மணிக்குத் தைராக்சின் (தைராய்டு மாத்திரை), பிறகு பான்டோப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை), மதியம் 1.30க்கு இரும்புச்சத்து. இந்த வயதில் நாளுக்கு மொத்தம் 1200 மி.கி. கால்சியம் தேவை. சாப்பாட்டிலேயே சுமார் 600 வந்துவிடுகிறது. மீதி 600தான் மாத்திரையில் வேண்டும். அதற்கு மேல் போட்டால் எலும்புக்கு லாபமில்லை, சிறுநீரகக் கல் பயம்தான் மிச்சம்.

கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். அட்டையில் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் உள்ளே இருப்பது 500தான் (பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்களே அதிகம்). ஆனால் அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோப்ரசோல் குறைப்பதே அதைத்தான். மலச்சிக்கல் வேறு. சிட்ரேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, வெறும் வயிற்றிலும் போடலாம். 21 சதவீதமே கால்சியம் என்பதால் மாத்திரை பெரிது. இருந்தாலும் இவருக்குச் சிட்ரேட்தான் சரி என்று படுகிறது.

குழப்பம் நேரத்தில்தான். தைராக்சினுக்கு 4 மணி நேர இடைவெளி, இரும்புக்கு 2 மணி நேரம். ஒரே வேளையில் 500ஐத் தாண்டினால் உடல் எடுத்துக்கொள்ளும் விகிதம் குறையும். ஆகவே காலை 10.30க்கு 300, இரவு 8.30க்கு 300 என்று யோசனை. மருத்துவரிடம் காட்டும் முன் கேட்கிறேன்: இதில் எங்காவது இடிக்கிறதா? விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சிட்ரேட்டில் பொடியோ திரவமோ நம்பிக் கொடுக்கலாமா? வைட்டமின் டி தனியாக எடுக்கிறார், அதனால் டி3 சேராத வகையாகச் சொல்லுங்கள்.