ரோந்து வண்டியைக் கூட்டினால் குற்றம் குறையுமா?

கேள்வி:
1829-இல் லண்டன் பெருநகரக் காவல்துறை தொடங்கியபோதே, குற்றம் நடக்குமுன் தடுப்பதுதான் முதல் வேலை என்று வகுத்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ரோந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனையைக் காட்டி, ரோந்தால் பயனே இல்லை என்கிறார்கள். அது சரிதானா?

பதில் 1:
சரியில்லை. 1972 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு நடந்தது அது. மொத்தம் 15 பீட், அதாவது ரோந்துப் பகுதிகள். ஐந்தில் வழக்கமான ரோந்து. இன்னொரு ஐந்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. மீதி ஐந்தில் அழைப்பு வந்தால் மட்டும் வண்டி போகும். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கவனியுங்கள்: ரோந்து நிறுத்திய பீட்டுக்குள்ளும் அழைப்புக்காக வண்டிகள் போய்வந்தன. இலக்கில்லாமல் சுற்றுவதைக் கூட்டிப் பயனில்லை என்றுதான் இது காட்டுகிறது.

பதில் 2:
இடம்தான் முக்கியம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1980-களில் போலீசுக்கு வந்த ஓராண்டு அழைப்புகளை அலசியபோது, பாதிக்கு மேல் வந்தது சுமார் 3% முகவரிகளிலிருந்து. அப்படி அழைப்பு குவியும் இடத்தில் போலீஸ் ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் நின்றால், கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தெரு அமைதியாக இருந்தது. அதற்கு மேல் நின்றால் கூடுதல் பலன் குறைகிறது. ஆகவே கால் மணி நேரம் நில்லுங்கள், கிளம்புங்கள், முன்கூட்டி ஊகிக்க முடியாத நேரத்தில் திரும்பி வாருங்கள். பல இடங்களில் இது கெடுவதற்குக் காரணம் வரைபடம்: ஸ்டேஷன் எல்லை முழுவதையும் சிவப்பாக்கிவிடுகிறார்கள். குறிக்க வேண்டியது ஒரு தெருத்துண்டு, அதோடு கிழமையும் மணியும்.

பதில் 3:
போய் நின்ற பிறகு கான்ஸ்டபிள் என்ன செய்கிறார் என்பதையும் பேசுங்கள். மற்ற துறைகளில் மேலே போகப் போக விருப்புரிமை, அதாவது என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும் உரிமை, கூடும். காவல்துறையில் அது கடைசிப் படியில்தான் அதிகம். கைது செய்தால் காகிதம் இருக்கும். எச்சரித்து அனுப்பினால் எதுவும் இருக்காது, மேலதிகாரிக்குத் தெரியவே தெரியாது.

1981-82-இல் மினியாபொலிஸில் குடும்ப வன்முறை அழைப்புகளுக்கு மூன்று நிறப் படிவங்களைக் கலந்து ஒரே கட்டாகப் போலீசாரிடம் கொடுத்தார்கள்: கைது, அறிவுரை, அடித்தவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்புதல். மேலே எந்த நிறமோ அதைச் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் மறுபடி வன்முறை, போலீஸ் பதிவுப்படி, கைதில் 10%, அறிவுரையில் 19%, வெளியே அனுப்பியதில் 24%. இதைப் பார்த்துப் பல அமெரிக்க மாநிலங்கள் கைதைக் கட்டாயமாக்கின. பிறகு மில்வாக்கி என்ற இன்னொரு அமெரிக்க நகரில் சோதித்தால், வேலையில்லாதவர்களிடம் கைதுக்குப் பின் வன்முறை கூடியது! ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது. விருப்புரிமையைப் பிடுங்காதீர்கள், கைது செய்யாத ஒவ்வொரு அழைப்புக்கும் காரணத்தை இரண்டு வரி எழுத வையுங்கள், அதை மேலதிகாரி படிக்கட்டும்.