மறுமொழி: கூட்டுமனம் சரி, தன்மயமாக்கல்தான் இடிக்கிறது

குழுவினருக்கு வணக்கம். அறிபுனைக் கதைகளில் வரும் 'ஹைவ் மைண்ட்' (தேன்கூடு போலப் பல உடல்களுக்கு ஒரே மனம்), 'அசிமிலேஷன்' (பிறரை அந்த மனத்தில் சேர்த்துவிடுவது) ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்கள் இவை.

> 'தேனடை மனம்' என்று வைக்கலாமே. ஆங்கிலத்தில் தேனீ இருக்கிறதே.

ஐயா, தேனீயைத் தனியாகப் பிடித்து வந்து ஒட்ட வேண்டியதில்லை. 'கூடு' உருபு ஏற்றால் 'கூட்டு' ஆகிவிடும்: கூட்டை, கூட்டில். ஆகவே 'கூட்டுமனம்' என்றாலே கூட்டின் மனம், கூட்டான மனம் இரண்டும் வந்துவிடுகின்றன. பூசணிக்காய்க் கூட்டு ஞாபகம் வருகிறது என்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வரவும்.

> பிறரைப் பிடித்துத் தம்மில் ஒருவராக்குவதற்குத் 'தன்மயமாக்கல்'. பள்ளிப் பாடத்திலேயே தன்மயமாதல் இருக்கிறது.

இருக்கிறது, செரிமானப் பாடத்தில். செரித்த இட்லி இட்லியாக இருப்பதில்லை. ஸ்டார் ட்ரெக் என்ற ஆங்கில விண்வெளித் தொடரில் ஒரே மனத்தோடு இயங்கும் பாதி இயந்திர ஆட்களான போர்க் (Borg) கூட்டம் (தமிழில் எழுதினால் 'போர்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, இருக்கட்டும்) அப்படிச் செரிப்பதில்லை. 1990இல் வந்த கதையில் விண்கப்பல் தலைவர் பிக்கார்டைத் தூக்கிப் போய் லோக்யூட்டஸ் என்ற பெயரில் தங்களில் ஒருவர் ஆக்குகிறார்கள். அவருடைய அறிவு முழுசாகக் கூட்டத்துக்குக் கிடைக்கிறது. அதை வைத்தே அவருடைய சொந்தப் படையை நொறுக்குகிறார்கள். அறிவு தங்கிவிட்டது, ஆள்தான் இல்லை.

இதற்கு இலக்கணத்திலேயே சொல் கிடக்கிறது. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும், அதாவது கேட்பவரையும் பேசுபவரோடு சேர்த்துக்கொள்ளும், என்கிறது நன்னூல். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றதும் அவரும் உள்ளே. மதுரைப் பக்கம் யார் வந்தாலும் "நம்ம வீடுதான், உக்காருங்க" என்போம். வந்தவரைக் கேட்காமலே வீட்டுக்காரர் ஆக்கிவிடுகிறோம். போர்க் கூட்டம் செய்வதும் அதுதான், காபி மட்டும் தருவதில்லை. ஆங்கில வசனத்தில் இருப்பது ஒரே 'வீ'. தமிழில் மிரட்டும்போது 'நாங்கள்', பிடித்தபின் 'நாம்' என்று பிரித்தே எழுதலாம். அந்த நகர்வுக்கு உளப்படுத்தல் என்பது என் முன்மொழிவு.

தனித்துவம் போவதற்குத் 'தன்மையிழப்பு' போதும். தன்மை என்றால் இயல்பு. இலக்கணத்தில் பேசுகிற ஆளும் தன்மைதான். அதே தொடரின் 1992 கதையில் வரும் போர் இளைஞனுக்குக் கூட்டம் வைத்த பெயர் 'ஐந்தில் மூன்றாவது'. இதை 'ஐவரில் மூன்றாமவர்' என்று மரியாதையாக மொழிபெயர்த்தால் கதை கெட்டது. அஃறிணையாகவே விடுங்கள். ஹியூ என்று பெயர் கிடைத்தபின்னும் "நாங்கள் ஹியூ" என்றுதான் ஆரம்பிக்கிறான். 'நான்' பின்னால்தான் வருகிறது.

> லோக்யூட்டஸ் 'ஐ ஆம்' என்றுதானே பேசுகிறார்? தன்மை எங்கே போயிற்று தம்பி?

அக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். இலத்தீனில் அந்தப் பெயருக்கே 'பேசியவர்' என்றுதான் பொருள். கூட்டத்துக்கு ஒரு வாய் தேவைப்பட்டது, அந்த வாய் 'நான்' என்கிறது என்று சமாளிக்கலாம். முழுத் திருப்தி எனக்கும் இல்லை.

> அழகர் ஆற்றில் இறங்கும்போது மொத்த வைகையும் 'கோவிந்தா' என்கிறதே, அதுவும் கூட்டுமனமா?

அதைத் 'திரள்' என்றே விடுவோம். விடிந்ததும் ஆளாளுக்குத் தொலைந்த செருப்பைத் தேடுகிறோம், "அது என்னுது" என்று சண்டையும் போடுகிறோம்.

உளப்படுத்தல் ரொம்பச் சாதுவாக ஒலிக்கிறது என்ற குறை நியாயமானது. 'வல்லுளப்படுத்தல்' என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஞாயிறு வரை பார்த்துவிட்டு விக்சனரியில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். அதற்குள் யாராவது நல்லதாகப் போட்டால் என் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

செல்லூரிலிருந்து