கோவையில் நாங்கள் பார்த்த 2018-19 ஐ-லீக்: நேரில் இருந்தவர்களின் அனுபவங்கள்

சிங்காநல்லூரிலிருந்து:

சென்னை சிட்டி எஃப்.சி. என்ற ஃபுட்பால் கிளப், ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் கோப்பை வாங்கிய சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் "அது சென்னையில்தானே நடந்தது?" என்று கேட்கிறார்கள். பேர்தான் சென்னை. ஆட்டம் எல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில், வ.உ.சி. பூங்கா பக்கத்தில். இதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் பத்து அணியில் எட்டாவது இடம் வந்த அணி அது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

2018 அக்டோபர் 26. முதல் ஆட்டமே நம் ஊரில், இந்தியன் ஆரோஸுக்கு எதிராக. 4-1. பெட்ரோ மான்சி ஹாட்ரிக். உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவர் பந்துக்காக ஓடுகிற ஆள் இல்லை, பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே நிற்கிற ஆள் என்று. சீசன் முடியும்போது 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

மான்சியை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் எனக்கு அந்த அணியில் ரொம்பப் பிடித்தவர் நெஸ்டர் கோர்டில்லோ. பந்தை வாங்குவதற்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு பார்வை, வாங்கும்போதே உடம்பு திரும்பியிருக்கும், அப்புறம் ஒரே தொடுதலில் பந்து ரொமாரியோவின் பக்கம் போயிருக்கும். கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் நாங்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தத் திரும்பல் தெளிவாகத் தெரியும். என் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர், மில்லில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், நெஸ்டரிடம் பந்து போனாலே "இப்ப பாருங்க" என்பார்.

மான்சி, நெஸ்டர் உட்பட ஸ்பெயினிலிருந்து வந்த நான்கு பேரால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களோடு சேர்ந்து அதே வேகத்தில் பாஸ் ஆட நம் பையன்கள் கற்றுக்கொண்டார்கள் பாருங்கள், அதுதான் அந்த சீசனின் விஷயம். எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித் குமார் எல்லாரும் தமிழ்நாட்டுப் பையன்கள். கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். ஒரு பாஸ் தப்பாகப் போய் கோல் வாங்கினாலும் அடுத்த முறை பந்தைத் தூக்கி அடிக்கச் சொல்ல மாட்டார். மறுபடியும் கீழேயிருந்தே ஆடச் சொல்வார். இந்தியாவில் பல வருஷமாக ஃபுட்பால் பார்க்கிற எனக்கு அந்தப் பிடிவாதம் புதிதாக இருந்தது.

ஈஸ்ட் பெங்காலை கொல்கத்தாவிலும் ஜெயித்தோம், இங்கேயும் ஜெயித்தோம். கடைசியில் கணக்குப் பார்த்தால், ஒரு வெற்றிக்கு மூன்று வீதம் வந்த அந்த ஆறு புள்ளிதான் கோப்பை. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சிலிடம் 3-2 என்று தோற்றபோது வயிறு கலங்கிவிட்டது. நமக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. எதிரணி மினர்வா பஞ்சாப், முந்தைய வருஷ சாம்பியன். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிவிட்டோம். ஸ்டேடியமே உறைந்துபோனது. இடைவேளை வரைக்கும் 0-1. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும் ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் எல்லாரும் ஃபோனில் அந்த ஸ்கோரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, மான்சி அடித்தார், 1-1. டிரா என்றால் ஒரு புள்ளிதான், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அது போதாது. அப்புறம் வந்தார் கௌரவ் போரா, அசாம்காரர், டிஃபன்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறிப்பதுதான் அவர் வேலை. அவர்தான் இரண்டாவது கோலையும் அடித்தார், கூடுதல் நேரத்தில் மூன்றாவதையும் அடித்தார். மூன்றாவது கோல் விழுந்தபோது அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கோழிக்கோட்டில் அன்று இருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேட்க ரொம்ப ஆசை.

கோழிக்கோட்டில் வேலை பார்த்தவர்:

அண்ணா, நான் இருந்தேன். சொந்த ஊர் பொள்ளாச்சி. அப்போது கோழிக்கோட்டில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் நேராக கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டேன். மனசு முழுக்க கோவையில். ஆனால் என்னால் உதவ முடிந்த ஒரே காரியம், கோகுலத்துக்குக் கத்துவது. கத்தினேன்.

கொல்கத்தாவிலிருந்து வந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஒரு பக்கமாகச் சிவப்பும் மஞ்சளுமாக உட்கார்ந்திருந்தார்கள். 2003-04-க்குப் பிறகு அவர்கள் தேசிய லீக் கோப்பையைத் தொட்டதே இல்லை. அந்த ஏக்கம் முகத்தில் தெரிந்தது. கோவையில் மினர்வா முன்னிலை என்று தெரிந்ததும் அங்கே எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாம் பாதியில் கோகுலத்துக்காக மார்கஸ் ஜோசப், டிரினிடாட்காரர், ஒரு கோல் போட்டார். மலையாளி நண்பர்களோடு நானும் குதித்தேன். ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. கடைசிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் பெனால்டியில் ஒன்று, பிறகு ரால்டே ஒன்று, 2-1.

அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார்கள், அண்ணா. ஜெயித்த பிறகும் மைதானத்தில் நின்றபடி கோவைச் செய்திக்காகக் காத்திருந்தார்கள். 3-1 என்று வந்ததும் என் முன்வரிசையில் இருந்த வங்காளிப் பையன் ஒருவன் கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டான். நான் தமிழ்நாட்டுக்காரன் என்று அவனுக்குத் தெரியும், ஆட்டத்துக்கு முன்னால் பேசியிருந்தோம். போய்த் தோளில் கை வைத்தேன். "உங்கள் அணி நன்றாக ஆடியது" என்று இந்தியில் சொன்னான். 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி. வேறு எந்த அணி ஜெயித்திருந்தாலும் அன்றைக்கு நான் அவனுக்காக அழுதிருப்பேன்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து:

எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையையும் இதில் சேர்க்க வேண்டும். இரவிபுத்தன்துறை அண்ணன் தம்பி மைக்கேல் ரெஜின், மைக்கேல் சூசைராஜ் இரண்டு பேருமே இந்தக் கிளப்புக்கு ஆடியவர்கள். சூசைராஜ் முந்தைய சீசனில் கலக்கிவிட்டு ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். சாம்பியன் ஆன வருஷம் அவர் அணியில் இல்லையே என்று எங்களுக்கு இன்றும் ஒரு குறைதான்.

ஒக்கி புயல் அடித்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் இந்த சீசன் தொடங்கியது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் படம் மாட்டாத தெரு எங்கள் பக்கம் குறைவு. சாயங்காலம் மணலில் பந்து ஆடுவது மட்டும் நிற்கவில்லை. நான் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவன். சென்னை சிட்டி ஆட்டம் பார்த்த மறுநாள், தூக்கி அடிக்கிற பையனை மற்றப் பையன்களே சத்தம் போடுவார்கள், "கீழ போடுலே" என்று. சீசன் நடுவில் எல்லா ஆட்டத்தையும் டிவியில் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பையன்களுக்கு அது பெரிய அடி. ஸ்டேடியம் போக வசதி இல்லாதவனுக்கு டிவிதானே கேலரி.

சிங்காநல்லூர்க்காரர் மறுபடியும்:

இரண்டு பேருக்கும் நன்றி. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

கோப்பை வாங்கிய அதே வருஷம் இன்னொரு லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தான் நாட்டின் முதல்நிலை லீக் என்று முடிவானது. நம் அணி உச்சத்தைத் தொட்ட லீக், அடுத்த சீசனிலேயே இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவோடு ஆடி 1-0 என்று தோற்றார்கள். "சொந்த மைதான" ஆட்டம் என்று பேர், நடந்தது அகமதாபாத்தில். அந்த ஆட்டம் கோவைக்கு வந்திருக்க வேண்டும். எட்வின் சென்னையின் எஃப்.சி. என்ற இன்னொரு கிளப்புக்குப் போனார், மான்சி ஜப்பானில் நீகாட்டா அணிக்கு, ரொமாரியோ பிறகு கோவா அணிக்கு. 2020-21-க்கு அப்புறம் கிளப்பே ஐ-லீக்கில் இல்லை.

தூத்தூர் நண்பர் சொன்ன டிவி விஷயத்தால் ஒரு வேண்டுகோள். காட்டாமல் விட்ட ஆட்டங்களை கேலரியிலிருந்து ஃபோனில் எடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இரண்டு நிமிடத் துண்டாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியையும் எதிரணியையும் குறித்துப் போடுங்கள். நெஸ்டர் பந்து வாங்கித் திரும்புவது இருந்தால் கட்டாயம் போடுங்கள். தூத்தூர்ப் பையன்களுக்குக் காட்டலாம்.