செவிலியருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஒரே சங்கம் அமைக்க முடியுமா?

தோழர்களுக்கு வணக்கம். அறக்கட்டளை ஒன்று நடத்தும் தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நிரந்தரச் செவிலியர், தொகுப்பூதியச் செவிலியர், உதவியாளர், ஏஜென்சி வழியாக வரும் தூய்மைப் பணியாளர் என ஒரே வார்டில் நான்கு வகை ஆட்கள். (ஏஜென்சி ஆட்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது.) எல்லோரும் ஒரே சங்கமாகச் சேர நினைக்கிறோம்.

பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பிக்கலாம் என்பது தெரியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி (சங்கங்கள், தொழில் தகராறுகள் பற்றிய புதிய மத்தியச் சட்டம்), ஒரு சங்கம் மட்டுமே பேச்சுவார்த்தை நடத்த 51 சதவீத ஆதரவு வேண்டும். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வருவார்களா? மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளி ஆகமாட்டாராம். எங்கள் வார்டு பொறுப்புச் செவிலியர் பெயருக்குத்தான் மேற்பார்வையாளர். ஊசி போடுவதும் அவர்தான்!

அறக்கட்டளை என்பதால் சட்டமே பொருந்தாது என்கிறது நிர்வாகம். மருத்துவமனையும் தொழில்தான் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய தொகுப்போ அறப்பணி அமைப்புகளுக்கு விலக்குத் தருகிறது. படுக்கைக்கு வாடகை வாங்கும் இடத்துக்கும் அந்த விலக்கு செல்லுமா?

சங்கம் பதிவு செய்தவர்களும் தொழிலாளர் வழக்கறிஞர்களும் வழி சொல்லுங்கள். மருத்துவமனைச் சங்கம் ஒன்றின் விதிமுறை நகல் யாரிடமாவது இருந்தால் அனுப்பி உதவுங்கள்.