சத்துவாச்சாரி தெருக் குழு: கிஷோருக்கு நாய்க்கடி

காலை 7:12
விமலா அக்கா: டியூஷனுக்குப் போன கிஷோரை முனைக்கடை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வருகிறது. என்ன செய்ய?

பார்வதி அத்தை: பதறாதேம்மா. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டு. அணைக்கட்டில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

நிஷா: ஐயோ அத்தை, வேண்டாம். அக்கா, எதையும் தடவாதீங்க, கட்டாதீங்க. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்க, கடிகாரம் பார்த்து. ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைச் சிதைத்துவிடும்.

விமலா அக்கா: கழுவுகிறேன். அழுகிறான்.

மணி மாமா: கடி காலில்தானே? வெறி எப்படி மூளைக்குப் போகிறது?

நிஷா: மாமா, நரம்பு தசைக்குச் சொல்லியனுப்புவது அசெட்டில்கோலின் என்ற பொருள் வழியாக. அது வந்து உட்காரத் தசையில் ஓர் இடம் உண்டு, அதுதான் ஏற்பி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல வைரஸ் தன் மேல்புரதத்தை வைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதை 1982-லேயே கண்டார்கள். நல்ல பாம்பின் விஷம் போய் ஒட்டுவதும் அதே இடத்தில்தான். வேறு சில ஏற்பிகளும் இதற்கு உதவுகின்றன. நரம்புக்குள் நுழைந்ததும் அதன் வழியே முதுகுத்தண்டுக்கு ஏறி மூளைக்குப் போய்விடும். அதற்குப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது மிக மிக அரிது.

மணி மாமா: கொரோனாவுக்கு ஏசிஇ-2 என்றார்களே, அதுவும் இப்படித்தானா?

நிஷா: ஆமாம், அதுவும் ஏற்பிதான். எச்.ஐ.வி. என்றால் ரத்த வெள்ளணுவில் உள்ள சிடி-4. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்தத்தைச் சோதித்து எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னது நம்ம வேலூர் சி.எம்.சி.தான். ஒவ்வொரு வைரஸும் தனக்கான இடத்தைத் தேடித்தான் ஒட்டும்.

பார்வதி அத்தை: அப்போ ஊசி என்ன செய்யும்?

நிஷா: தடுப்பூசி போட்டால் நம் உடம்பே எதிர்ப்பொருள் செய்யும் அத்தை. அது வைரஸின் புரதத்தை மூடிவிடும், ஏற்பியில் ஒட்ட முடியாது. ஆனால் அது உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ரத்தம் வந்திருப்பதால் அதுவரை தாங்க, தயாராக உள்ள எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே போடுவார்கள். இம்யூனோகுளோபுலின் என்று கேளுங்க அக்கா, மறக்காதீங்க.

7:31
விமலா அக்கா: கழுவியாயிற்று. அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

மணி மாமா: ஆட்டோ வேண்டாம், நான் கார் எடுக்கிறேன்.

11:05
விமலா அக்கா: இரண்டும் போட்டுவிட்டார்கள். அடுத்த ஊசி 3, 7, 28-ஆம் நாள்.

பார்வதி அத்தை: மூன்றாம் நாள் நானே கூட்டிப்போகிறேன். சுண்ணாம்பு டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன் நிஷா.