அடிப்படை உரிமை மனுவுக்குச் சட்டத்தரணி தேவை: 12 நாள்தான் இருக்கு

வணக்கம் உறவுகளே. வன்னியில் பொலிஸ் காவலில் அடிக்கப்பட்ட தம்பி ஒருவருக்காக, கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தோன்றும், தமிழ் தெரிந்த சட்டத்தரணி அவசரமாகத் தேவை.

"அரசாங்கத்துக்கு எதிரா வழக்குப் போட ஏலாது" என்று சிலர் வீட்டாரைப் பயப்படுத்தியிருக்கிறார்கள். பிழையான கதை. அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரையின் விடுபாட்டுரிமை (வழக்குப் போட முடியாத பாதுகாப்பு) பதவியிலுள்ள ஜனாதிபதிக்குத்தான், பொலிசுக்கு இல்லை. சித்திரவதை 11ஆம் உறுப்புரை மீறல். 126இன் கீழ் அரசே நட்டஈடு கட்டவும் உத்தரவிடலாம்.

சிக்கல் கெடுவில்தான்: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்; அதில் 12 நாள்தான் மிச்சம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி விசாரணைக் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் காணாது. விசாரணை நடப்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்; இதில்தான் மனுக்கள் விழுகின்றன. அதனால் ஆணைக்குழுவை நம்பிக் காத்திருக்காமல் மாதத்துக்குள்ளேயே தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு.

வவுனியாவில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. நோய்நிர்ணய அட்டையில் "இடது உள்ளங்கால் வீக்கம்" என்று எழுதியிருக்கு. சத்தியக்கடதாசி தமிழில் இருக்கு. ஆங்கிலத்துக்கு மாற்ற, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் யார் இருக்கினம்? தெரிந்தவர்கள் இன்றைக்கே உள்பெட்டியில் சொல்லுங்கோ. தம்பியின் பெயரை இங்கே யாரும் எழுத வேண்டாம்.