மார்கழிப் பௌர்ணமி இரவு: ஓய்வா, கிரிவலமா?

கேள்வி: மொட்டைமாடிவாசி, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிறது. நான்கு ஆண்டுகளாகக் காலையில் ஆசனங்கள் செய்து வருகிறேன். பௌர்ணமி, அமாவாசை நாள்களில் பயிற்சி வேண்டாம் என்பார் என் ஆசிரியர். காரணம் கேட்டால், மரபு என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. சென்ற மார்கழிப் பௌர்ணமியன்று, பயிற்சிதான் இல்லையே என்று, பகலெல்லாம் விரதமிருந்து அலுவலகம் முடிந்த கையோடு திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறி, நள்ளிரவுக்கு மேல் கிரிவலத்தை மூன்றே மணி நேரத்தில் முடித்தேன். அதன் பின் இரண்டு வாரம் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறியதுதான் மிச்சம். இம்முறை அந்த இரவை ஓய்வுக்கும், கடந்த மாதத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கும், உடலைக் கவனித்தபடி மெதுவாக அசைவதற்கும் ஒதுக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: மைசூரில் பயின்றவள்

ஐயா, உங்கள் ஆசிரியர் சொல்வது மைசூரில் யோக ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) வளர்த்த அஷ்டாங்க யோக முறையின் வழக்கமாக இருக்கக்கூடும். அங்கே இரண்டு திதிகளிலும் பயிற்சிக்கூடம் விடுமுறை. கடல் பொங்குவது போல உடலிலுள்ள நீரும் பொங்கும் என்ற விளக்கத்தை நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஆனால் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பெருங்கடலின் பரப்பில் தோன்றுவது. மனித உடலின் அளவில் அந்த ஈர்ப்பு வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. வேதபாடசாலைகளில் பௌர்ணமியும் அமாவாசையும் அனத்யயன நாள்கள், அதாவது புதுப்பாடம் நடத்தாத நாள்கள் என்பதையும், ஜோயிஸ் மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது பாடசாலை விடுமுறையின் நீட்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால் அதன் பயன் குறைந்துவிடாது. வாரத்தில் ஆறு நாள் உடலை வருத்துகிறவர்களுக்கு நிறுத்தச் சொல்லும் ஒரு நாள் தேவைதான்.

அன்று நான் செய்வது மிகக் குறைவு. சுவரோரம் படுத்துக் கால்களைச் சுவரில் உயர்த்திப் பத்து நிமிடம், கனத்த போர்வைக்குள் சவாசனத்தில் இருபது நிமிடம், அவ்வளவே. நிலவை வணங்கும் ஆசனத் தொடரான சந்திர நமஸ்காரம் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் சுற்றுகளை எண்ணத் தொடங்கிவிட்டால் அது வழக்கமான உடற்பயிற்சியாகிவிடும்.

பதில் 2: கிரிவலப் பாதையோரத்தான், திருவண்ணாமலை

பதினான்கு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில், அதுவும் வெறும் வயிற்றோடு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு நடந்தால் முழங்கால் வேறென்ன செய்யும்? நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பது போல மலையை வலம்வர வேண்டும் என்று ரமணாசிரம வட்டாரத்தில் சொல்வார்கள். அதைப் பக்திக்குச் சொன்ன உவமையாக மட்டும் கொள்ளாமல் நடைக்கான செய்முறையாகவும் கொண்டு பாருங்கள்: குதிகால், உள்ளங்கால், விரல் என்று பாதம் முழுவதும் தரையில் படிந்த பிறகே அடுத்த காலைத் தூக்க முடியும், கை வீச்சு தானாகவே அடங்கும். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருப்பது நடக்கிறவர்களுக்கு நல்ல வசதி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தால் ஆறு மணி நேரமாவது ஆகும், ஆகட்டும்.

இன்னொன்றையும் உள்ளூர்க்காரனாகச் சொல்கிறேன். இலட்சக்கணக்கானோர் வரும் பௌர்ணமியன்று மெதுவாக நடப்பது கடினம். நீங்கள் நின்றால் பின்னால் வருபவர் உங்கள் மீது மோதுவார். இரண்டு நாள் முன்னதாக வாருங்கள். வளர்பிறையின் கடைசி நாள்களில் பொழுது சாயும்போதே நிலா கீழ்வானில் ஏறியிருக்கும். பௌர்ணமிக்குப் பிறகோ நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக எழும் என்பதால் மாலையில் நடப்பவருக்கு முந்தைய நாள்களே உகந்தவை. முன்பனிக் காலத்தில் தார்ச்சாலை வெறுங்காலுக்குச் சில்லென்றிருக்கும். காதை மூட ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: பனங்கூடல், யாழ்ப்பாணம்

நடையைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. நான் தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு இரவு முழுதும் விழித்திருப்பது முரண் அல்லவா? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத் தூக்க ஆய்வகத்தில், நிலவொளி எட்டாத அறைகளில் உறங்கிய 33 பேரின் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அவர்கள் சுமார் இருபது நிமிடம் குறைவாக உறங்கியதாகக் கூறியது. அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்களிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வோ, பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில்தான் மக்கள் நேரங்கழித்து உறங்குகிறார்கள் என்றது. முந்தைய பதிவில் ஐயா சொன்ன அந்தி நிலவே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே குறையக்கூடிய தூக்கத்தை நாமும் சேர்ந்து குறைப்பானேன்?

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. பௌத்தர்கள் வெள்ளை உடுத்தி விகாரையில் சில் எனும் ஒழுக்க நோன்பை அனுட்டித்துப் பகலைத்தான் அமைதியில் கழிக்கிறார்கள். எங்கள் சைவக் கோயில்களில் திருவெம்பாவைப் பூசை பத்து நாள் விடியற்காலையில் நடந்து திருவாதிரையன்று நிறைவுறும். ஆகவே முன்னிரவிலேயே படுத்து நாலரை மணிக்கு எழுந்து பாருங்கள். முழுநிலா மேற்கே சாய்ந்துகொண்டிருக்கும், சூரியன் எழும் வேளையில்தான் மறையும். நடுநிசியில் விழிப்பு வந்தால் மட்டும் மாடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். பனிக்கால முழுநிலா நம் தலைக்கு மேல் சற்றே வடக்காகச் செல்வதால் உங்கள் நிழல் காலடியில் சிறு திட்டாகச் சுருங்கிக் கிடக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கிரிவலத்தை இம்முறை பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னதாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, எட்டு இடத்திலும் உட்கார்ந்து எழுந்து முடிக்கப் போகிறேன். பௌர்ணமியன்று ஒன்பது மணிக்கே படுத்து, விடியற்காலையில் மாடியில் கம்பளி விரித்து உட்காரப் போகிறேன். கடந்த இருபத்தொன்பது நாள்களில் நான் அவசரப்பட்டுக் கெடுத்த காரியம் எது என்று குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதுவதாக எண்ணம். தைப்பூசத்தன்றும் மாசி மகத்தன்றும் அதன் கீழே இன்னும் ஒவ்வொரு வரி சேரும். என் மனைவியோ, முதல் வரி போன வருடத்துக் கிரிவலமாகத்தான் இருக்கும் என்கிறாள்.